மிதக்கும் தளத்தின் துண்டுகளை இணைப்பது: இறுக்கிப் பூட்டுவதா, அசைய விடுவதா?

அலைவாய்:
வணக்கம். ஒரு மிதக்கும் சரக்குத் தளத்தின் ஆரம்பகட்ட வடிவமைப்பில் வேலை செய்கிறேன். எஃகுப் பெட்டி வடிவத்தில் நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கப்பல் கட்டும் தளத்தில் தனித்தனியாகக் கட்டி, டக் படகால் இழுத்துப் போய், கடலிலேயே வரிசையாகக் கோத்து 400 மீட்டர் தளமாக்க வேண்டும். இடம் திறந்த கடல், ஆழம் 100 மீட்டருக்கு மேல். மேலே கிரேன் நகரும், டிரக் ஓடும்.

அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இணைப்பை முழுசாக இறுக்கு, துண்டுகளைக் கோக்கும் எஃகுத் தண்டான பின்னைப் பெரிதாக்கு, தகட்டைத் தடிமனாக்கு. தடிமனாக்கினால் விசை இன்னும் ஏறுகிறது. மறுபடி தடிமனாக்கச் சொல்கிறார்கள். இது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. இந்த வேலையில் கை வைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய தளம்:
தம்பி, மென்பொருளை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையால் ஒரு கணக்குப் போடலாம். நான்கு துண்டு வேண்டாம், இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 மீட்டர். 200 மீட்டர் நீளமுள்ள ஓர் அலை வருகிறது. ஆழ்கடலில் அதன் காலம் 11 நொடிக்குக் கொஞ்சம் மேல். அலையின் முகடு சரியாக இணைப்புக்கு அடியில் நிற்கிறது என்று வையுங்கள். அலையின் உயரம் வெறும் 2 மீட்டர், அதாவது வீச்சு 1 மீட்டர்.

நடுவில் வரும் பெண்டிங் மொமென்ட், அதாவது தளத்தை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை: கடல்நீரின் எடை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10 கிலோநியூட்டன், அதை அகலம் 60, வீச்சு 1, நீளத்தின் வர்க்கம் 40,000 ஆகியவற்றால் பெருக்கி 19.7 ஆல் வகுக்க வேண்டும். (அந்த 19.7, பையின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு.) சுமார் 12 லட்சம் கிலோநியூட்டன் மீட்டர் வரும். இதை மேல் தட்டிலும் அடித்தட்டிலும் உள்ள இணைப்பிகள்தான் தாங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உங்களிடம் இருப்பது 5 மீட்டர். வகுத்தால் 2.4 லட்சம் கிலோநியூட்டன், ஏறக்குறைய 24,000 டன் இழுவிசை. அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 400 டன்.

இது 2 மீட்டர் அலைக்கு. 6 மீட்டர் அலை என்றால் மூன்று மடங்கு. உடம்பின் நெகிழ்வு, இயக்கவியல் விளைவு எதையும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அளவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொள்ள இது போதும்.

200 மீட்டர் சரக்குக் கப்பலும் இதே மாதிரி மொமென்டைத்தான் தாங்குகிறது. ஆனால் அதன் உடல் 16, 18 மீட்டர் உயரம். மேல்தளமும் அடித்தளமும் வெட்டுப்படாமல் ஓடுகின்றன. நீங்களோ 5 மீட்டர் உயரத்தில், அதுவும் நடுவே வெட்டிய இடத்தில், அதே வேலையைக் கேட்கிறீர்கள். பின்னைப் பெரிதாக்குவதால் இது தீராது.

சரி, கதவில் இருப்பது போல் கீல் வைத்தால்? இரண்டு துண்டும் கீலில் சுதந்திரமாக மடங்கினால் மொமென்ட் போய்விடும். அதே அலைக்கு ஒவ்வொரு துண்டும் சுமார் 1.4 பாகை சாயும். இடையே மொத்தம் 2.8 பாகை மடிப்பு. கீல் மேல்தளத்தில் இருந்தால், 5 மீட்டர் கீழே அடித்தட்டில் இடைவெளி 24 சென்டிமீட்டர் திறந்து மூடும். இதற்கு உங்கள் கிரேன் தண்டவாளம் ஒத்துழைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

கொக்கி:
ஜப்பானில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மிதக்கும் ஓடுதளமே போட்டு விமானம் இறக்கினார்களே. அதெல்லாம் கடலிலேயே வெல்டிங் செய்து ஒட்டியதுதான் என்று படித்தேன். அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நீலா:
நீங்கள் சொல்வது மெகாஃப்ளோட். யோகோசுகாவுக்கு அருகே, டோக்கியோ விரிகுடாவுக்குள் இருந்தது. முதல் கட்டம் 1995இல் தொடங்கியது, 300 மீட்டர் மாதிரி. இரண்டாம் கட்டம்தான் 1,000 மீட்டர். அகலம் 60 மீட்டர், அகன்ற இடத்தில் 121, உயரம் 3 மீட்டர். துண்டுகளைக் கொண்டுவந்து மிதக்கும்போதே வெல்டிங் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, அது விரிகுடாவின் உள்பக்கம். அங்கே வரும் அலை குட்டையானது. ஒரு கிலோமீட்டர் தளத்தின் அடியில் ஒரே நேரத்தில் பல முகடும் பல பள்ளமும் நிற்கும். பெரும்பகுதி ஒன்றையொன்று சமன் செய்துவிடும். இன்னொன்று, 3 மீட்டர் உயரத்துக்கு 1,000 மீட்டர் நீளம் என்றால் அது விறைப்பான கட்டையே இல்லை. தளமே அலையோடு வளைகிறது. தனியாக இணைப்பி என்று ஒன்று அங்கே கிடையாது, உடம்பு முழுவதும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறது. பழைய தளம் சார் போட்ட கணக்கு இரண்டு துண்டையும் விறைப்பான கட்டையாக எடுத்துக்கொண்டது. வளையக்கூடிய நீண்ட தளத்துக்கு அது அப்படியே பொருந்தாது. 200 மீட்டர் நீள அலை உங்கள் தளத்துக்கு வரும் என்றால் மட்டும் அந்த எண் பயமுறுத்த வேண்டிய எண்தான்.

மிதக்கும்போது வெல்டிங் செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல் தட்டில் வெயில், அடித்தட்டில் கடல்நீர். இரண்டுக்கும் வெப்பத்தில் 20 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால், 100 மீட்டர் நீளத்தில் மேல் தட்டு அடித்தட்டைவிட 24 மில்லிமீட்டர் நீள முயலும். துண்டு முழுவதும் முதுகை வளைக்கும். நீங்கள் ஒட்ட வேண்டிய விளிம்பு காலையில் ஒரு இடத்தில், மதியம் வேறு இடத்தில் இருக்கும். வெல்டிங் கேட்பது சில மில்லிமீட்டர் துல்லியம்.

சோதனை முடிந்ததும் அந்தத் தளத்தை வெட்டித் துண்டுகளை வேறு வேலைகளுக்குக் கொடுத்தார்கள். ஷிமிசு துறைமுகத்தில் மீன்பிடிப் பூங்காவாக இருந்த மிதவையைத்தான் 2011இல் ஃபுகுஷிமா அணு உலையின் கதிரியக்கக் கலப்புள்ள நீரைச் சேர்த்து வைக்கக் கொண்டுபோனார்கள்.

திறந்த கடலுக்கு எடுக்க வேண்டிய முன்மாதிரி வேறு. 1990களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு அலுவலகம் நகரும் கடல் தளம் ஒன்றை ஆராய்ந்தது. பெரிய சரக்கு விமானம் இறங்க வேண்டும், நீளம் ஒன்றரை கிலோமீட்டர் அளவு. அங்கே யாரும் பெட்டி மிதவையைத் தொடவில்லை. தூண்களின் மேல் நிற்கும் அரைமூழ்கித் தளங்களாக யோசித்தார்கள், ஏனென்றால் நீர்மட்டத்தில் குறுக்குவெட்டு சிறியதாக இருந்தால் அலை தூக்கும் விசையும் குறையும். அப்போதும் இணைப்பு விஷயத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை. ஒரு வடிவமைப்பு கீல் வைத்தது. இன்னொன்று நடுவே நீளமான நெகிழும் பாலம் வைத்தது. மற்றொன்று இணைப்பே வேண்டாம், ஒவ்வொரு தளமும் தன் உந்திகளால் இடத்தைப் பிடித்து நிற்கட்டும் என்றது. எதுவும் கட்டப்படவில்லை.

அலைவாய், உங்கள் துண்டு 5 மீட்டர் பெட்டி, இடமோ திறந்த கடல். முதலில் முட்டுவது இங்கேதான். ஒன்று அலைத்தடுப்பு வேண்டும், இல்லையென்றால் தள வகையை மாற்ற வேண்டும். இணைப்பி அதற்குப் பிறகு.

அலைவாய்:
மிக்க நன்றி. இடத்தை மாற்ற முடியாது. தள வகையை அரைமூழ்கிக்கு மாற்றுவதை மேலே எடுத்துச் சொல்கிறேன். ஆனால் கேள்வி அப்போதும் இருக்கும் அல்லவா? இறுக்கிப் பூட்டினால் மொமென்ட், கீல் என்றால் மடிப்பு. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லையா? மொனாக்கோவில் ஒரு பந்து மூட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பழைய தளம்:
இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மூட்டு அது. மொனாக்கோவின் எர்க்யூல் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு வேண்டியிருந்தது. கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே ஆழம் 50 மீட்டரைத் தாண்டுகிறது, கல்லைக் கொட்டி மாளாது. அதனால் 352 மீட்டர் நீளத்தில் ஒரு கான்கிரீட் பேழையை ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் கட்டி, 2002இல் மத்தியதரைக் கடல் வழியாக இழுத்து வந்தார்கள். எடை 1,63,000 டன். உள்ளே வாகன நிறுத்தம்கூட இருக்கிறது. ஒரு முனை சங்கிலிகளில் மிதக்கிறது. கரைப்பக்க முனையைப் பிடித்திருப்பது ஒரே ஒரு எஃகுப் பந்து மூட்டு. அந்த மூட்டுத் தொகுதி மட்டும் 770 டன்.

தோள் மூட்டு மாதிரி அது மூன்று சுழற்சியையும் விட்டுவிடுகிறது. மூன்று நகர்வை மட்டும் பிடிக்கிறது. பேழையின் மறுமுனை ஏறி இறங்கலாம், பேழை சாயலாம், பக்கவாட்டில் திரும்பலாம். மூட்டில் மொமென்ட் கிட்டத்தட்ட இல்லை, நேர் விசை மட்டும்தான். அதற்கே 770 டன் எஃகு என்றால், சுழற்சியையும் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

இதே சிந்தனை 1944இலேயே இருந்தது. நார்மண்டி கடற்கரைக்கு பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுபோன மல்பரி என்ற செயற்கைத் துறைமுகத்தின் மிதக்கும் சாலை, ஆலன் பெக்கெட் வடிவமைத்தது. 24 மீட்டர் நீளப் பாலத் துண்டுகள் மிதவைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒரு மிதவை இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமும் உருளும்போது நடுவிலுள்ள பாலம் முறுக்கப்படும். அவர் முனைகளில் கோள வடிவத் தாங்கி வைத்தார். பாலச் சட்டகமே முறுக்கத்துக்கு இணங்கும்படி குறுக்குக் கட்டைகளையும் அமைத்தார். முறுக்கத்தை எதிர்த்து நிற்காமல் விட்டுக்கொடுத்தது. அந்த ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயலில் அமெரிக்கர்களின் பக்கம் இருந்த துறைமுகம் சிதைந்தது. அரோமான்ஷில் இருந்த பிரிட்டிஷ் துறைமுகம் பிழைத்து வேலை செய்தது. நங்கூரம் போட்ட விதம் உட்பட அதற்குப் பல காரணம் உண்டு, எல்லாப் புகழையும் மூட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

மூன்று சுழற்சி, மூன்று நகர்வு என்ற ஆறு அசைவில் எதை விடுகிறாய், எதைப் பிடிக்கிறாய். முதல் நாளே எழுதி மேசையில் ஒட்ட வேண்டியது இதுதான். பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் எஃகில் விலை கொடுக்க வேண்டும்.

சிங்கை மிதவை:
நான் கணக்குப் பக்கம் இல்லை, மிதவைகளைத் தண்ணீரில் கோக்கும் பக்கம். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலில், ஒரு முகத்தில் பத்து பின் வைத்தால் பத்தும் சமமாகச் சுமக்கும் என்று வரைபடத்தில் போடுவார்கள். கட்டாயம் சுமக்காது. ஒரு பின்னும் அதைப் பிடிக்கும் துளைத் தகடான தாடையும் சேர்ந்த விறைப்பு, ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் கிலோநியூட்டன் என்று வைப்போம். கெட்டியான எஃகுத் தாடைக்கு இது நடக்கக்கூடிய எண். ஒரு பின் துளை மற்றதைவிட 1 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த ஒரு பின்னில் மட்டும் 1,000 கிலோநியூட்டன் கூடுதலாக ஏறும். 100 டன்! 60 மீட்டர் அகல முகத்தில் 1 மில்லிமீட்டருக்குள் பத்துத் துளையை யார் வெட்டித் தரப்போகிறார்கள்? இடையில் ரப்பர் இருந்தால் அது கொஞ்சம் நசுங்கி, சுமையைப் பக்கத்துப் பின்னுக்குத் தள்ளிவிடும். ரப்பரை அதிர்ச்சி தாங்க மட்டும் போடுவதில்லை. பகிர்ந்து கொடுக்கப் போடுகிறோம்.

மரீனா விரிகுடாவில் 2007இல் போட்ட மிதக்கும் மேடை 120 மீட்டருக்கு 83. பதினைந்து மிதவைகளைக் கோத்தது. அங்கே இறுக்கிப் பூட்டுவது சரிதான், அலையே இல்லாத உள்நீர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் திறந்த கடலுக்கு அதே பூட்டைக் கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

அடுத்தது கோக்கும் நேரம். இதை வடிவமைப்பாளர்கள் யோசிப்பதே இல்லை. 50 மீட்டருக்கு 20 மீட்டர் மிதவை ஒன்று, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ 10 டன் வேண்டும். அதன் நடுவில் 30 டன் கிரேன் நின்றால் 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும், பின் துளை பொருந்தாது. அதனால் முதலில் மிதவைக்குள் நிரப்பும் பேலஸ்ட் தண்ணீரை ஏற்றி இறக்கி இரண்டு மிதவையின் மட்டத்தையும் சரிசெய்வோம். அப்புறம் வின்ச் கயிறு இரண்டு மூலையிலும். நெருங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர் மெத்தையான ஃபெண்டர் முட்டும், மறுபடி விலகும், மறுபடி முட்டும். அரை மீட்டர் உயரத்தில் நீண்ட அலை இருந்தால் போதும், ஒரு முகம் ஏறும்போது அடுத்தது இறங்கும். அந்த நேரத்தில் நேராகப் பின்னை நுழைக்கப் போனால் தாடை பிய்ந்துவிடும். முதலில் கூம்பு வடிவ வழிகாட்டி உள்ளே போய் மேல்கீழ் அசைவை அடக்க வேண்டும். அது உட்கார்ந்து, கயிறு இறுகி, இரண்டு முகமும் ஒன்றாக அசையத் தொடங்கிய பிறகுதான் பின். அதுவும் ஹைட்ராலிக் தள்ளியால். இடைவெளிக்குள் ஆள் கை வைக்கும்படி எந்த வடிவமைப்பும் வரக்கூடாது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்கடல்:
ரப்பர் பற்றி இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பராமரிப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சராசரியாக 6 நொடிக்கு ஓர் அலை என்றால் வருடத்துக்கு 52 லட்சம் சுற்று. இருபது வருடத்தில் பத்து கோடிக்கு மேல். ரப்பர் வெயிலில் விறைக்கும், தொடர் சுமையில் மெல்ல அமுங்கிப்போகும். முதல் வருடம் இருந்த விறைப்பு பத்தாவது வருடம் இருக்காது. நீங்கள் கணக்கில் போட்ட எண் எந்த வருடத்துடையது?

எஃகுப் பின்னும் சுகமில்லை. சிறிய அசைவில் பின்னும் துளையும் உரசி உரசி, உப்புநீரும் சேர்ந்தால், தேய்மானமும் துருவும் ஒன்றையொன்று வளர்க்கும். துளை அகலும். அகன்றால் ஒவ்வொரு அலைக்கும் பின் மோதும். மோதினால் இன்னும் அகலும்.

அதோடு யாரும் கேட்காத ஒரு கேள்வி: ஒரு இணைப்பி போனால் அடுத்ததுக்கு என்ன ஆகும்? ஜப்பானில் சிபா மாகாணத்தின் யமகுரா அணைத் தேக்கத்தில் 13.7 மெகாவாட் மிதக்கும் சூரிய மின் நிலையம் இருந்தது. 2019 செப்டம்பரில் ஃபக்ஸாய் புயல். நங்கூரம் மிதவைகளைப் பிடித்திருந்த இடங்களில் சுமை சமமாகப் பகிரப்படாமல் சில இடத்தில் குவிந்து, ஒன்று விட்டதும் அடுத்தது, அடுத்தது என்று போய், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தீயும் பிடித்தது. அது கடலே இல்லை, அணை நீர். தூத்துக்குடியிலும் ராமகுண்டத்திலும் இப்போது மிதக்கும் சூரியப் பலகைகள் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் யமகுராவைப் பாடமாகப் படிக்க வேண்டும்.

என் நிபந்தனை இதுதான்: ஒரு இணைப்பியைக் கழற்றி எடுத்த நிலையிலும் மீதி தாங்க வேண்டும். கழற்றவும் மாட்டவும் கடலிலேயே முடிய வேண்டும், தளத்தைப் பிரிக்காமல்.

சிங்கை மிதவை:
தென்கடல் சொல்லும் நிபந்தனையில் எனக்குச் சண்டையே இல்லை. அதனால்தான் ஒரே உறுப்பிடம் எல்லா வேலையையும் கொடுக்கக்கூடாது என்கிறேன். ஒரு முகம் மேலும் அடுத்தது கீழும் நழுவப் பார்க்கும் வெட்டு விசையை எஃகுக் கட்டை பார்க்கட்டும்; ஒரு முகத்தின் முளை அடுத்த முகத்தின் பள்ளத்தில் உட்காரும், முன்பின் நகர இடம் இருக்கும். இழுவிசையை ரப்பர் அடுக்கு வைத்த கம்பி பார்க்கட்டும். அழுத்தத்தை ஃபெண்டர் பார்க்கட்டும். ரப்பர் அடுக்கு வயதானால் கம்பியோடு உருவி எடுத்துப் புதியது போடலாம், எஃகுக் கட்டையைத் தொட வேண்டாம். விறைப்பு மாறும் என்பது சரிதான். புதியது, வயதானது இரண்டு எண்ணுக்கும் கணக்கை ஓட்டினால் போயிற்று.

கூடவே ஒரு எல்லையும் எழுதி வைக்க வேண்டும்: எந்தக் கடல்நிலைக்கு மேல் பிரித்துவிட வேண்டும் என்று. 2024 மே மாதம் காசா கரையில் அமெரிக்க இராணுவம் துண்டு துண்டாகக் கோத்துப் போட்ட மிதக்கும் பாலத்தை எல்லோரும் பார்த்தோம். போட்டுப் பத்து நாள் ஆகும் முன்பே அலையில் உடைந்து, அஷ்டோத் துறைமுகத்துக்கு இழுத்துப் போய்ப் பழுது பார்த்தார்கள். ஜூனில் மறுபடி போட்டு, கடல் பொங்கும்போதெல்லாம் கழற்றி, ஜூலையில் கைவிட்டார்கள். அந்த வகைத் துண்டுகள் அமைதியான கடலுக்காகச் செய்யப்பட்டவை.

அலைவாய்:
எல்லாவற்றையும் படித்துவிட்டு இன்று காலை புதிதாக ஒரு கோடு போட்டேன். கிரேன் தண்டவாளம் இணைப்பைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் தன் கிரேன். இணைப்பைத் தாண்டுவது டிரக் மட்டும். அதற்கு இரண்டு முனையிலும் மடங்கும் ஒரு சாய்தகடு, 6 மீட்டர் நீளம். 2.8 பாகை மடிப்பு இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு முனையிலும் 1.4 ஆகிவிடும், டிரக்குக்குப் பிரச்சினை இல்லை. மடிப்பு அசைவை முழுசாக விட்டுவிடுகிறேன். குழாயும் மின்கம்பியும் தொங்கும் வளையமாகத் தாண்டும். சிங்கை மிதவை சொன்ன மூன்று வேலைப் பிரிவையும் எடுத்துக்கொண்டேன். அரைமூழ்கிக்கு மாற ஒப்புதல் வந்தால் எண்கள் இன்னும் குறையும். வேறு ஓட்டை தெரிகிறதா?

பழைய தளம்:
கிரேனை இணைப்புக்கு முன்பே நிறுத்தியது நல்ல முடிவு. பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விட்டது.

தென்கடல்:
ரப்பர் போட்டால் இரண்டு துண்டுக்கும் இடையே மின்தொடர்பு அறுந்துவிடும். தான் கரைந்து எஃகைக் காக்கும் துருத் தடுப்பு அனோடுகள் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாக வேலை செய்யும், ஒன்று சீக்கிரம் கரையும். தடித்த செம்புப் பட்டையால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். பட்டையும் அசைவைத் தாங்கும்படி தளர்வாக.

நீலா:
ஓட்டை ஒன்று இருக்கிறது. இதுவரை பேசியதெல்லாம் நேர் எதிரே வரும் அலை. கொஞ்சம் சாய்ந்து வரும் அலையைப் பாருங்கள். 45 பாகையில் வரும் 141 மீட்டர் அலை, தளத்தின் நீளவாக்கில் அளந்தால் 200 மீட்டர் அலை மாதிரிதான் தெரியும். அதன் காலம் 9.5 நொடி. 60 பாகையில் வந்தால் 100 மீட்டர் அலையே போதும், 8 நொடி. அகலவாக்கில் கொஞ்சம் சமன் ஆகும், எண் குறையும். ஆனால் 8 நொடி அலை 11 நொடி அலையைவிட அடிக்கடி வரும், ஃபட்டீக் கணக்கு (திரும்பத் திரும்ப வரும் சுமையில் எஃகு சோர்ந்து விரிசல் விடுவது) அங்கேதான் அடிபடும்.

அதோடு சாய்ந்த அலையில் ஒரு துண்டு வலப்பக்கம் உருளும்போது அடுத்தது இடப்பக்கம் உருளும், பக்கவாட்டிலும் எதிரெதிரே திரும்பும். நீங்கள் விட்டது மடிப்பு அசைவை மட்டும். அகலத்தின் இரு ஓரத்திலும் எஃகுக் கட்டை வைத்தால் அவை உருளலைப் பூட்டிவிடும்; அந்த முறுக்கம் முழுவதும் ஓரக் கட்டைகளின் வெட்டு விசையாக ஏறும். கட்டைகளை நடுப்பக்கம் நெருக்கி வைத்து, ஓரங்களில் ரப்பர் கம்பி மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போது கொஞ்சம் உருள இடம் கிடைக்கும். சாய்தகடும் அந்த உருளலுக்கு ஏற்ப முறுக வேண்டியிருக்கும், அதை ஒரே அகலத் தகடாகப் போடாமல் இரண்டு மூன்று கீற்றாகப் பிரியுங்கள்.

துண்டை விறைப்பாகவும் இணைப்பியை ஆறு சுருள்வில்லாகவும் வைக்கும் மாதிரி இந்தக் கட்டத்துக்குப் போதும். ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரிக்ஸும் எர்டெகினும் பயன்படுத்திய வழி. 0 முதல் 90 பாகை வரை 15 பாகைக்கு ஒன்றாக, 5 நொடி முதல் 16 நொடி வரை ஓட்டுங்கள். கட்டைகள் ஓரத்தில், கட்டைகள் நடுவில் என்று இரண்டு முறை. முறுக்கமும் பக்கவாட்டு மொமென்டும் எந்தப் பாகையில் உச்சம் என்று வந்ததும் இங்கே போடுங்கள், அப்புறம் கம்பியின் விட்டத்தைப் பேசலாம்.